பாதரட்சை ஏந்திய படைத்தலைவர்

துன்பம் வந்தபோது கலங்காமல் நின்ற பலரை வரலாறு நமக்குக் காட்டுகிறது. அதிகாரம் வந்தபோது மாறாமல் நின்றவர்களை அது அத்தனை எளிதில் காட்டுவதில்லை. வறுமையில் பணிவாக இருந்தவர் பதவியில் கடுமையாகிறார். வெற்றிக்கு முன்பு எல்லோரிடமும் யோசனை கேட்டவர், வெற்றிக்குப் பின் எவர் சொல்லையும் கேட்பதில்லை. தோல்வியோ சிலரைக் கசப்பில் ஆழ்த்துகிறது, சிலரைப் பக்குவப்படுத்துகிறது. ஒரே நெருப்பு களிமண்ணை இறுகச் செய்கிறது, மெழுகை உருக்கிவிடுகிறது.

வெற்றி, அதிகாரம், தோல்வி ஆகிய மூன்றையும் ஒரே வாழ்நாளில் முழு அளவில் கண்டவர் மகாதஜி சிந்தியா. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட இந்தியாவின் அரசியலைத் தம் கையில் வைத்திருந்த மராட்டியத் தலைவர் அவர். மொகலாயப் பேரரசர் அவருடைய பாதுகாப்பில் வாழ்ந்தார். ஆங்கிலேயக் கம்பெனி அவரை நடுவராக வைத்துச் சமாதானம் பேசியது. ஆனால் கடைசிவரை அவர் விரும்பி ஏற்ற பெயர் பாட்டீல் என்பதே. பாட்டீல் என்றால் கிராமத் தலைவர்.

குடும்பத்தின் தொடக்கம்

சதாராவை அடுத்த கன்னேர்கேட் என்ற சிற்றூரின் பாட்டீல் குடும்பம் சிந்தியாக்களுடையது. மகாதஜியின் தந்தை ராணோஜி, முதலாம் பாஜிராவ் பேஷ்வாவின் மெய்க்காவல் படையில் எளிய வேலையில் சேர்ந்தவர். பேஷ்வாவின் பாதரட்சைகளைப் பாதுகாப்பதே அவருடைய பொறுப்பாக இருந்தது என்பது மராட்டிய நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஒரு நாள் பேஷ்வா வெளியே வர நேரமாயிற்று. காத்திருந்த ராணோஜி அயர்ந்து உறங்கிவிட்டார். ஆனால் பாதரட்சைகளை மார்போடு அணைத்துப் பிடித்தபடியே உறங்கினார். சிறு பொருளை இத்தனை கவனமாகக் காப்பவன் பெரிய பொறுப்பையும் காப்பான் என்று பேஷ்வா கருதி அவரை உயர்த்தினாராம்.

ராணோஜி தம் திறமையால் மாளவத்தின் தலைவர்களுள் ஒருவரானார். உஜ்ஜயினி அவருடைய இருப்பிடமாயிற்று. 1745-இல் அவர் காலமானார். அவருடைய புதல்வர்களில் இளையவர் மகாதஜி. 1730-ஆம் ஆண்டளவில் பிறந்தவர். முறைப்படி மணந்த மனைவியின் மகன் அல்லர் என்ற குறை அவருக்கு இருந்தது. மூத்தவர்கள் இருந்தவரை அவருக்குத் தலைமை வரும் என்று யாரும் எண்ணவில்லை. அவரும் எண்ணியிருக்க முடியாது.

அந்த மூத்தவர்களைக் காலம் ஒருவர்பின் ஒருவராக எடுத்துக்கொண்டது. ஜயப்பா 1755-இல் நாகௌரில் கொலையுண்டார். தத்தாஜி 1760 ஜனவரியில் டெல்லிக்கு அருகே யமுனைக் கரையில், அகமது ஷா அப்தாலியின் ஆப்கானியப் படையோடும் நஜீப் கானின் ரோகில்லாக்களோடும் போரிட்டு மடிந்தார். அடுத்த ஆண்டு பானிபட் வந்தது.

வெற்றி மயக்கியபோது

பானிபட்டின் கதையில் மகாதஜிக்கு முன்னால் வேறொருவரைப் பார்க்க வேண்டும். அவர் சதாசிவராவ் பாவ். பேஷ்வாவின் சிற்றப்பா மகன். நிர்வாகத்தில் தேர்ந்தவர், அஞ்சாத நெஞ்சினர். 1760-இன் தொடக்கத்தில் உத்கீரில் நிஜாமின் படையை வென்றார். அந்த வெற்றியின் புகழோடு, வடக்கே அப்தாலியை எதிர்க்கும் பெரும்படைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார்.

வட நாட்டுப் போர்முறையை நெடுங்காலம் அறிந்திருந்த மல்ஹர்ராவ் ஹோல்கரும், பரத்பூரின் ஜாட் மன்னர் சூரஜ்மலும் அவருக்கு ஒரு யோசனை கூறினர். பெண்கள், யாத்திரிகர்கள், கனமான தளவாடங்கள் ஆகியவற்றைப் பின்னால் பாதுகாப்பான கோட்டையில் விட்டுவிட்டு, இலகுவான குதிரைப் படையோடு சென்று பகைவனை அலைக்கழிக்க வேண்டும் என்பதே அது. பாவ் ஏற்கவில்லை. உத்கீரில் பீரங்கிகள் தந்த வெற்றி அவர் மனத்தில் பதிந்திருந்தது. தக்காணத்தில் பலித்த முறை வடக்கிலும் பலிக்கும் என்று நம்பினார். சூரஜ்மல் மனம் கசந்து விலகிச் சென்றார். போர் புரியாத பல்லாயிரம் பேரோடு படை பானிபட்டில் முற்றுகைக்குள் சிக்கியது, உணவு தீர்ந்தது. 1761 ஜனவரி 14 அன்று நடந்த போரில் மராட்டியர்கள் பேரழிவைச் சந்தித்தனர். பேஷ்வாவின் மூத்த மகன் விசுவாசராவ் வீழ்ந்தார். பாவும் வீர மரணம் அடைந்தார்.

பாவ் தீயவர் அல்லர், கோழையும் அல்லர். தோல்விக்கு அவர் ஒருவரே காரணமும் அல்லர். ஆனால் முதல் வெற்றி அவர் செவியைச் சற்று மூடிவிட்டது. அறிந்தவர் கூறும்போது கேட்கும் தன்மை அவரிடமிருந்து போயிற்று. பெரும்பாலும் வெற்றி மனிதனிடமிருந்து முதலில் பறித்துக்கொள்வது இதைத்தான்.

முழங்காலில் விழுந்த வெட்டு

அந்தப் போர்க்களத்திலிருந்து தப்பி ஓடியவர்களுள் மகாதஜியும் ஒருவர். அப்போது அவருக்கு முப்பது வயது. அண்ணன் மகன் ஜன்கோஜி சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார். மகாதஜியை ஓர் ஆப்கானியக் குதிரைவீரன் நெடுந்தூரம் துரத்தினான். மகாதஜியின் குதிரை உயர்ந்த தக்காணக் குதிரை. இருந்தும் பின்தொடர்ந்தவன் விடவில்லை. களைத்துப்போன குதிரை ஒரு பள்ளத்தில் விழுந்தது. துரத்தி வந்தவன் கோடரியால் அவருடைய முழங்காலில் வெட்டினான். அணிகலன்களையும் குதிரையையும் கைப்பற்றிக்கொண்டு, அவரை அங்கேயே போட்டுவிட்டுப் போனான்.

பிற்காலத்தில் நாடே தம் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தபோதும், அந்தத் துரத்தல் அவர் கனவில் வந்துகொண்டே இருந்தது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பகைவனின் குதிரை மெல்ல மெல்ல நெருங்கி வருவதைக் கண்டு அவர் உறக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழிப்பாராம்.

குருதி வழியப் பள்ளத்தில் கிடந்த அவரைக் கண்டவர் ராணே கான் என்ற முஸ்லிம். படைக்குத் தோற்பையில் தண்ணீர் சுமந்து தரும் எளிய பணியாளர். காயமுற்றவரைத் தம் காளையின்மீது ஏற்றி, பகைவர் கண்ணில் படாமல் தெற்கு நோக்கிக் கொண்டுவந்து சேர்த்தார். மகாதஜி பிழைத்தார். ஆனால் அந்தக் கால் கடைசிவரை சரியாகவில்லை. வாழ்நாள் முழுவதும் நொண்டியே நடந்தார்.

அரசியலில் உயர்ந்தவர்கள் தாழ்ந்திருந்த நாளில் உதவியவர்களை மறப்பது வழக்கம். அவர்களைப் பார்க்கும்போது தம் பழைய நிலை நினைவுக்கு வருகிறது, அது உறுத்துகிறது. மகாதஜி மறக்கவில்லை. ராணே கானைச் சகோதரர் என்றே அழைத்தார். அந்தப் பெயரே அவருக்கு நிலைத்தது. தண்ணீர் சுமந்தவர் படிப்படியாகச் சிந்தியாவின் பெரும்படையை நடத்தும் தளபதியானார். இது வெறும் கருணையால் கொடுத்த பதவி அன்று. ராணே கான் அதற்குத் தகுதியானவர் என்பதைப் பின்னாளில் டெல்லி கண்டது.

காத்திருக்கக் கற்ற ஆண்டுகள்

தோல்வி மகாதஜிக்கு முதலில் கற்றுத் தந்தது பொறுமை. குடும்பத் தலைமை அவருக்கு உடனே கிடைக்கவில்லை. பிறப்பைக் காரணம் காட்டி மறுத்தவர்கள் இருந்தனர்; உறவினர்கள் போட்டியிட்டனர். இளம் பேஷ்வா மாதவராவ் அவருடைய தகுதியை உணர்ந்து ஏற்றபோது ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.

1771-இல் மராட்டியர்கள் மீண்டும் டெல்லியைக் கைப்பற்றினர். அலகாபாத்தில் ஆங்கிலேயரின் நிழலில் இருந்த பேரரசர் ஷா ஆலம், 1772 ஜனவரியில் அவர்களுடைய துணையோடு தம் தலைநகருக்குத் திரும்பினார். பானிபட் நடந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன்பின் ரோகில்கண்டில் நுழைந்த மராட்டியப் படை பழி தீர்த்துக்கொண்டது. இறந்துபோயிருந்த நஜீப் கானின் கல்லறையும் இடிக்கப்பட்டது. இந்தப் பழி அங்கே முடியவில்லை என்பதைப் பிறகு காண்போம்.

1779 ஜனவரியில், பேஷ்வா பதவியை நாடிய ரகுநாதராவுக்கு ஆதரவாகப் பம்பாயிலிருந்து கம்பெனிப் படை பூனாவை நோக்கி வந்தது. மராட்டியர்கள் அதை மலைப்பகுதியில் உள்ளே வரவிட்டு, வட்காவ் என்ற இடத்தில் சூழ்ந்துகொண்டனர். பட்டினியும் களைப்பும் வாட்ட, ஆங்கிலேயர் பணிந்து உடன்படிக்கை செய்தனர். கையில் அகப்பட்ட படையை அழித்துவிட மராட்டியர்களால் முடிந்திருக்கும். அவ்வாறு செய்யாமல் பம்பாய்க்குத் திரும்பிச் செல்ல விட்டனர். அந்தப் பேச்சுவார்த்தையை நடத்தியவர் மகாதஜி. பிணையாக ஒப்படைக்கப்பட்ட ஆங்கிலேய அதிகாரிகளையும் அவர் கண்ணியமாக நடத்தி விடுவித்தார். போர் முடிந்தபோது, இந்த நடத்தையைப் பாராட்டியே பரூச் நகரைக் கம்பெனி அவருக்கு அளித்தது. தம் ஆதாயத்தை அவர் மறந்தவர் அல்லர். ஆயினும் வீழ்ந்து கிடந்த அனுபவம் உடையவர், வீழ்ந்தவனை மிதிக்கத் தயங்கினார் என்றும் கொள்ளலாம்.

போரில் அவர் தோல்விகளையும் கண்டார். 1780 ஆகஸ்டில், எவராலும் ஏற முடியாது என்று கருதப்பட்ட குவாலியர்க் கோட்டையை ஓர் இரவில் ஏணி வைத்து ஏறி ஆங்கிலேயர் பிடித்தனர். அடுத்த ஆண்டு அவருடைய முகாமே இரவில் தாக்கப்பட்டது. இந்தத் தோல்விகளை அவர் பாடமாக எடுத்துக்கொண்டார். பழைய குதிரைப் படையோடு, பயிற்சி பெற்ற காலாட்படையும் பீரங்கிகளும் தேவை என்று உணர்ந்தார். 1784-இல் சவாய் நாட்டவரான டி பாய்ன் என்ற ஐரோப்பியரை அமர்த்திப் புதிய படையை உருவாக்கத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1782 மே மாதத்தில், மராட்டியருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே சால்பை உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. அதை நடுநின்று முடித்துவைத்தவரும், இரு தரப்புக்கும் உறுதி அளித்தவரும் மகாதஜியே.

உச்சியில் ஒரு சறுக்கல்

1784-இன் இறுதியில் ஷா ஆலம் அவரிடம் பேரரசின் முழு நிர்வாகத்தையும் ஒப்படைக்க முன்வந்தார். மகாதஜி அந்தப் பட்டத்தைத் தமக்கென்று கேட்கவில்லை. தம் தலைவரான பேஷ்வாவுக்கே அதை வழங்கும்படி கேட்டு, பேஷ்வாவின் பிரதிநிதியாகத் தாம் அந்தப் பணியை ஏற்றார். கோடரி வெட்டுண்டு பள்ளத்தில் கிடந்தவர், இருபத்து நான்கு ஆண்டுகளுக்குள் டெல்லிப் பேரரசின் காவலரானார்.

இங்கேதான் சோதனை தொடங்கியது. தலை வணங்கும் பழக்கம் மாறவில்லை; ஆனால் கை நீண்டது. வங்காளத்துக்கான கப்பத்தைச் செலுத்தும்படி பேரரசரின் பெயரால் ஆங்கிலேயரிடம் 1785-இல் கோரிக்கை எழுப்பப்பட்டது. கம்பெனி கடுமையாக மறுத்தது. கோரிக்கையைக் கைவிட நேர்ந்தது. படைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் போதவில்லை. ஆகவே மொகலாயப் பிரபுக்களின் நிலமானியங்கள் பறிக்கப்பட்டன. பறிகொடுத்தவர்கள் பகைவர்களாயினர். ஜெய்ப்பூரிடம் தாங்க முடியாத அளவுக்குக் கப்பம் கேட்கப்பட்டது. அதனால் ஜெய்ப்பூரும் ஜோத்பூரும் கைகோத்தன.

1787 ஜூலையில் லால்சோட் பகுதியில் போர் நடந்தது. களத்தில் வெற்றி யாருக்கு என்று தெளிவாகவில்லை. ஆனால் போருக்குப் பின், சம்பளம் கிடைக்காத மொகலாயப் படைப்பிரிவுகள் பீரங்கிகளோடு எதிரணியில் போய்ச் சேர்ந்தன. மகாதஜி பின்வாங்க வேண்டியதாயிற்று. சில மாதங்களில் அஜ்மீர் போயிற்று, டெல்லி போயிற்று, ஆக்ரா முற்றுகையிடப்பட்டது. மூன்று ஆண்டுகளில் எழுந்த மாளிகை சரிந்தது.

உத்கீர் பாவுக்குச் செய்ததை டெல்லி மகாதஜிக்குச் செய்துவிட்டது எனலாம். பணிவு உள்ளவர் என்பதால் ஒருவர் அதிகாரத்தின் மயக்கத்துக்குத் தப்பிவிடுவதில்லை. அது ஆணவமாக வர வேண்டும் என்பதும் இல்லை. தேவை, கடமை, படைச் செலவு என்ற நியாயமான பெயர்களில் அது வருகிறது. பிறர் படும் துன்பம் கணக்கில் ஓர் எண்ணாக மட்டுமே தெரியத் தொடங்குகிறது.

இருவருக்கும் உள்ள வேறுபாடு, விழுந்தபின் தெரிகிறது. பாவுக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்பே கிடைக்கவில்லை. மகாதஜிக்குக் கிடைத்தது. இப்போது அவர் முப்பது வயதில் தனியே ஓடிய இளைஞர் அல்லர். ஐம்பத்தேழு வயது முதியவர். தாக்குதல்களுக்கிடையே படையை ஒழுங்கு குலையாமல் பின்னுக்கு நடத்தி வந்தார். எஞ்சியவர்களைச் சேர்த்தார். பூனாவிலிருந்து உதவி தாமதமாயிற்று. நானா பட்னவீஸ் அவருடைய வளர்ச்சியை ஐயத்தோடு பார்த்தவர். மகாதஜி பழைய நட்புகளைக் காத்துக்கொண்டார். பரத்பூரின் ஜாட் தலைவர் ரஞ்சித் சிங் அவரைக் கைவிடவில்லை. டி பாய்னும் உடன் நின்றார். 1788 ஜூனில் ஆக்ரா மீட்கப்பட்டது.

பழியின் சங்கிலி

அதே ஆண்டு டெல்லியில் கொடிய செயல் ஒன்று நடந்தது. நஜீப் கானின் பேரன் குலாம் காதிர் அரண்மனையைக் கைப்பற்றினான். புதையலைக் காட்டும்படி பேரரசர் குடும்பத்தை வதைத்தான். ஆகஸ்டு 10 அன்று முதியவரான ஷா ஆலமின் கண்களைப் பறித்தான். தன் குடும்பம் பட்ட அவமானங்களுக்கெல்லாம் பழி வாங்குவதாக அவன் எண்ணினான். இடிக்கப்பட்ட அந்தக் கல்லறையும் அவன் பாட்டனாருடையதே.

உதவிப்படை உரிய நேரத்தில் சென்று சேரவில்லை என்ற குறை மகாதஜியின்மீது நிலைத்துவிட்டது. அக்டோபரில் அவருடைய படை டெல்லிக்குள் நுழைந்தது. அதை நடத்திச் சென்றவர், ஒரு காலத்தில் தண்ணீர் சுமந்த ராணே கான். பட்டினியால் வாடிய அரண்மனை மக்களுக்கு உணவு அளிக்கப்பட்டது. பார்வையிழந்த பேரரசர் மீண்டும் அரியணையில் அமர்த்தப்பட்டார். தப்பியோடிய குலாம் காதிர் பிடிபட்டான். அடுத்த ஆண்டு அங்கம் அங்கமாகச் சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டான்.

வட்காவில் வீழ்ந்த பகைவரைக் கண்ணியமாக நடத்தியவர், இங்கே பழிக்குப் பழி என்பதைத் தடுக்கவில்லை. குலாம் காதிரின் குற்றம் பெரியது. தண்டனை பெற வேண்டியவனே. ஆயினும் அந்தச் சித்திரவதை மகாதஜியின் பெயருக்கு ஒளி சேர்க்கவில்லை. பெரியவர்களின் வாழ்க்கையைப் படிக்கும்போது இத்தகைய இடங்களை மறைத்துவிட்டுப் படிப்பதால் நமக்குப் பயன் இல்லை. நல்ல குணம் ஒருமுறை அடைந்தால் என்றும் நிலைக்கும் செல்வம் அன்று என்பதை இவ்விடம் நினைவூட்டுகிறது.

1790-இல் ஜூனில் பாடண், செப்டம்பரில் மேர்த்தா என இரு பெரும் போர்களில் ராஜபுத்திர நாடுகளின் எதிர்ப்பு முடிவுக்கு வந்தது. இமயத்தின் அடிவாரம் முதல் நர்மதை வரை மகாதஜியின் சொல்லே மேலோங்கி நின்றது.

மதுராவில் மகாதஜி

இந்த ஆண்டுகளில் மகாதஜி நீண்ட காலம் தங்கியிருந்த இடம் மதுரா. கண்ணன் பிறந்த அந்தத் தலத்தின்மீது அவருக்கு ஆழ்ந்த பற்று இருந்தது. கண்ணனைப் போற்றும் பக்திப் பாடல்களையும் இயற்றினார். பசுவதையைத் தடுக்கும் ஆணையைப் பேரரசரிடமிருந்து பெற்றார். பீட் நகரில் வாழ்ந்த மன்சூர் ஷா என்ற சூஃபி மகானிடமும் அவர் பெரும் பக்தி கொண்டிருந்தார். அந்தப் பக்தி அவருடைய வம்சத்தில் தொடர்ந்தது. உயிரைக் காத்தவர் ஒரு முஸ்லிம், ஆசி பெற்றதும் ஒரு முஸ்லிம் மகானிடம், வழிபட்டது கண்ணனை. அவருக்கு இவற்றில் முரண்பாடு தோன்றவில்லை.

மராட்டிய நாட்டில் அவரைப் பற்றி வழங்கும் ஒரு செவிவழிக் கதை உண்டு. நாத சம்பிரதாயத்தைச் சேர்ந்த துறவியும் கவிஞருமான சோஹிரோபாநாதர் அவருடைய அவைக்கு வந்தார். மகாதஜி தாம் எழுதிய பாடல்களை அவரிடம் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். துறவி மட்டும் புகழவில்லை. குறையை எடுத்துச் சொன்னார். மகாதஜியின் முகம் சிவந்தது. துறவி சற்றும் அஞ்சாமல், உன்னிடம் எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை என்ற பொருள்பட ஒரு பாடலைப் பாடிவிட்டு எழுந்து போனாராம்.

நாடுகளை வென்றவருக்கு நான்கு அடிப் பாடலின் புகழ் தேவைப்பட்டது. பக்தியின் உள்ளே புகுந்துகூட அகந்தை உட்கார இடம் தேடிக்கொள்கிறது. கதையில் வரும் துறவிக்கு எந்தத் தேவையும் இல்லாததால் அவரை வெல்ல வழியில்லை. அதிகாரத்தின் எல்லை எதுவென்று மக்கள் எப்படி உணர்ந்திருந்தார்கள் என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

பூனாவில் ஒரு காட்சி

1792 ஜூனில் மகாதஜி பூனாவுக்கு வந்தார். பேஷ்வா சவாய் மாதவராவுக்கு அப்போது பதினெட்டு வயது. பேரரசர் வழங்கிய பட்டத்தையும் சின்னங்களையும் அவரிடம் ஒப்படைப்பது பயணத்தின் நோக்கம். பெரும்படையோடு வந்தவரைக் கண்டு தலைநகரில் அச்சமும் ஐயமும் பரவியிருந்தன.

மகாதஜி வாயிலிலேயே யானையிலிருந்து இறங்கினார். நொண்டியபடி நடந்து சபைக்கு வந்தார். பரம்பரைத் தலைவர்கள் அனைவருக்கும் கீழே சென்று நின்றார். பேஷ்வா வந்து அமரச் சொன்னபோது, அந்தத் தகுதி தமக்கு இல்லை என்று மறுத்தார். கக்கத்திலிருந்த ஒரு மூட்டையை அவிழ்த்தார். அதில் ஒரு ஜோடிப் புதிய பாதரட்சைகள் இருந்தன. இதுவே தம் தந்தையின் தொழில், ஆகவே தமக்கும் இதுவே தொழில் என்று கூறி, அவற்றைப் பேஷ்வாவின் முன் வைத்தார். பேஷ்வா கழற்றிய பழைய பாதரட்சைகளைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பலமுறை வற்புறுத்திய பின்பே அமர்ந்தார்.

பூனாவில் பலர் இதை நாடகம் என்றே கருதினர். தன்னை வேலையாள் என்று சொல்லிக்கொண்டே அரசனாகிவிட்டவர் என்று பிற்கால ஆங்கிலேய ஆசிரியர்களும் எழுதினர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இளம் பேஷ்வாவின் அன்பைப் பெற்று நானா பட்னவீஸின் செல்வாக்கைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. மறு ஆண்டு லாக்கேரியில் ஹோல்கரின் படையை அவருடைய தளபதிகள் முறியடித்தபோது அவர் பூனாவில்தான் இருந்தார்.

அப்படியானால் அந்தப் பணிவு பொய்யா? ஒரு நாள் சபையில் செய்ததை வைத்துத் தீர்மானிக்க இயலாது. ஆனால் ராணே கானைச் சகோதரராக ஏற்றபோது அங்கே சபை இல்லை. 1784-இல் பேரரசின் பொறுப்பைப் பேஷ்வாவின் பெயரில் கேட்டபோது, தம் பெயரில் கேட்டிருந்தால் தடுக்கக்கூடியவர் டெல்லியில் எவரும் இல்லை. பாட்டீல் என்ற பெயரை அவர் ஒரு நாள் அணிந்து கழற்றவில்லை. மக்கள் அவரைப் பாட்டீல் பாவா என்றே அழைக்கும் அளவுக்கு வாழ்நாள் முழுவதும் சுமந்தார். அரசியல் நோக்கமும் உண்மையான பணிவும் ஒரே நெஞ்சில் கலந்திருக்கக்கூடும். கலப்பில்லாத தங்கமாக மனித உள்ளம் அரிதாகவே கிடைக்கிறது.

1794 பிப்ரவரி 12 அன்று, பூனாவை அடுத்த வானவடியில் மகாதஜி காலமானார். அவர் நினைவாக எழுந்த மண்டபம் இன்றும் அங்கே இருக்கிறது.

காயமின்றி வந்த அதிகாரம்

மகாதஜிக்கு மகன் இல்லை. அண்ணன் வழிப் பேரன் முறையான தௌலத்ராவ் வாரிசானார். அவர் பதினைந்து வயதை ஒட்டிய சிறுவர். இந்தியாவிலேயே சிறந்த படைகளுள் ஒன்று, டெல்லியின் பொறுப்பு, பரந்த நிலம் ஆகிய எல்லாம் ஒரே நாளில் அவர் கைக்கு வந்தன. அவற்றின் விலை என்ன என்பது அவருக்குத் தெரியாது. அவர் எந்தப் பள்ளத்திலும் விழுந்ததில்லை. எந்தக் காளையும் அவரைச் சுமந்ததில்லை.

மகாதஜியின் விதவைகளையே அவர் அவமதித்தார். அவர்களுக்காகப் பழைய தளபதிகள் ஆயுதம் ஏந்தும் நிலை வந்தது. அனுபவசாலிகள் விலகினர், இனிமையாகப் பேசியவர்கள் நெருங்கினர். 1803 செப்டம்பரில் அஸ்ஸாயியிலும் நவம்பரில் லாஸ்வாரியிலும் ஆங்கிலேயரிடம் அவருடைய படைகள் தோற்றன. டெல்லியும் பேரரசரும் கம்பெனியின் கைக்கு மாறினர். மகாதஜி நாற்பது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த ஆதிக்கம், அவர் மறைந்த பத்தே ஆண்டுகளில் பெரும்பகுதி கரைந்தது. ஆங்கிலேயரின் வலிமையும் அதற்குக் காரணம். ஆனால் அதை எதிர்கொள்ள வேண்டிய மனிதரின் குணமும் ஒரு காரணம்.

பாவ், மகாதஜி, தௌலத்ராவ் ஆகிய மூவரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்குகிறது. வெற்றி பாவின் செவியை மூடியது. காயமின்றி வந்த அதிகாரம் தௌலத்ராவைப் பிறர் துன்பம் அறியாதவராக்கியது. மகாதஜியும் இவ்விரண்டுக்கும் விலக்கானவர் அல்லர். லால்சோட்டுக்கு முன் அவரும் தடுமாறினார். ஆனால் அவரைத் திரும்பத் திரும்ப நிலத்துக்கு இழுத்து வந்த சில நினைவுகள் இருந்தன. அடி எடுத்து வைக்கும்தோறும் வலித்த கால் ஒன்று. அருகிலேயே இருந்த தண்ணீர்க்காரச் சகோதரர் ஒன்று. கிராமத்தை நினைவூட்டிய பெயர் ஒன்று.

இந்த நினைவுகள் அவரை மகான் ஆக்கிவிடவில்லை. ஆனால் விழுந்த இடத்திலிருந்து எழுவதற்கும், எழுந்தபின் தம்மைச் சுமந்தவரை மறவாமல் இருப்பதற்கும் அவை போதுமானவையாக இருந்தன. நம் ஒவ்வொருவர் வாழ்விலும் ஒரு பானிபட் உண்டு. அங்கே நம்மைச் சுமந்து வந்த ஒருவரும் உண்டு. நல்ல காலம் வந்தபின் அவருடைய பெயரைத் தயக்கமின்றிச் சபையில் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அதிகாரம் நம்மை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும்.